பத்து தடவை படிச்சும் ஏன் மறக்குது?

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற ஒரு தங்கச்சி போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, ஸ்கூல் புக்கைப் பத்து தடவை படிச்சிட்டேன். ஆனா ஹால்ல உட்கார்ந்தா நாலு ஆப்ஷனும் தெரிஞ்ச மாதிரியே இருக்கு. எனக்கு ஞாபக சக்தியே கம்மி போல. இதோட விட்டுடலாமான்னு இருக்கு." இன்றைய எபிசோட் அவங்களுக்காக.

அந்த "தெரிஞ்ச மாதிரி இருக்கு" என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் கண்ணுக்குப் பழகிவிடும். பஸ்ஸில் தினமும் பார்க்கிற முகம் மாதிரி. பார்த்தால் அடையாளம் தெரியும், பேர் கேட்டால் முழிப்போம்.

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகள் கொடுத்தார்கள். ஒன்றை இரண்டு முறை படிக்க வேண்டும். இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை படித்ததுதான் ஜெயித்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்! படிக்க மட்டும் செய்ததில் 42 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம். எழுதியது சரியா தப்பா என்றுகூட அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நினைவிலிருந்து தேடி எடுத்த அந்த உழைப்பே போதுமானதாக இருந்தது.

அப்போ என்ன செய்யலாம்? மூணு விஷயம்.

ஒண்ணு, புத்தகத்தை மூடுங்க. ஒரு பாடம் படித்ததும் வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்க. அப்புறம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் பாருங்க.

ரெண்டு, இடைவெளி விடுங்க. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் ஒரு எளிமையான முறை சொன்னார். அதை நம்ம வசதிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் எழுதுங்க. மூன்று டப்பா. முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்க. பதில் சரியா வந்தால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பானால் முதல் டப்பாவுக்கே திரும்பும். இதனால் உங்க நேரம் தெரிந்ததில் வீணாகாமல் தெரியாததற்குப் போகும். போனில் வேணும்னா 'ஆங்கி' இதே வேலையைச் செய்யும், ஆண்ட்ராய்டில் இலவசம்.

மூணு, தனியாக ஒரு வருஷத்தை மனப்பாடம் பண்ணாதீங்க, எதிலாவது கோத்து வைங்க. நம்ம அந்தாதி அப்படிப்பட்டதுதானே? ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டு தொடங்கும். ஒன்று அடுத்ததைக் கையைப் பிடித்து இழுத்துவரும். வேலூர்ப் புரட்சி 1806. ஏன் நடந்தது? புது மாதிரி தலைப்பாகை, தாடி கூடாது, நெற்றியில் சமயக்குறி கூடாது என்று சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு. அதிலிருந்து 51 வருஷம் கழித்து 1857. இப்போ ஒரு காரணம், இரண்டு வருஷம், எல்லாம் ஒரே கயிற்றில்.

ஆனா ஒரு எச்சரிக்கை. அந்தாதியை நடுவில் கேட்டால் முதலிலிருந்து சொல்லித்தான் வர முடியும். பரீட்சையில் கேள்வி வரிசையாக வராது. அதனால் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப்போட்டுக் கேளுங்க.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பாதி அட்டை தப்பாகும், "படிச்சதும் போச்சே"ன்னு தோணும். சும்மா படிக்கும்போது அந்த வலி இல்லை, அதனால்தான் அது சுகமாக இருக்கிறது. வீட்டில் தப்பாகிற ஒவ்வொரு அட்டையும், ஹாலில் மாட்டுவதற்கு முன்னாடியே கண்ணில் பட்ட ஓட்டை.

தங்கச்சி, பத்து தடவை உட்கார்ந்து படிக்கிற பொறுமை உங்ககிட்ட இருக்கு. அதில் ஐந்து தடவையைப் புத்தகத்தை மூடிவிட்டுச் செய்து பாருங்க. ஞாபக சக்தி கம்மின்னு முடிவு பண்றதை அதுக்கப்புறம் வச்சுக்கலாம். இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு பாடம், பத்து அட்டை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.