வட்டாரத் தேர்தலும் வரிப்பணமும்



கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியை அடுத்துள்ள தோட்டமொன்றில் ஒரு தையற்காரர் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டம் என்றதும் வாழையும் கமுகும் நினைவுக்கு வரவேண்டியதில்லை. கொழும்பு நகரில் தோட்டம் என்பது நெருங்கி நிற்கும் சிறு வீடுகளின் வரிசை. பல குடும்பங்களுக்குப் பொதுவான நீர்க்குழாய். மழை வலுத்தால் வாசற்படியேறி வரும் வடிகான் நீர். இந்தத் தையற்காரர் அங்குள்ள ஒவ்வொரு வீட்டையும் அறிவார். எந்தக் கான் எந்த மூலையில் அடைபட்டிருக்கிறது என்பதையும் அறிவார். எழுதத் தெரியாதவர்களுக்கு மாநகரசபைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவரும் அவரே. அயலவர் கூடி, வருகின்ற மாநகரசபைத் தேர்தலில் அவரையே நிற்குமாறு வற்புறுத்துகின்றனர். அவர் நிற்பாரா?

பெரும்பாலும் நிற்கமாட்டார். காரணம் சட்டமன்று. சட்டம் அவரைத் தடுக்கவில்லை. 1931ஆம் ஆண்டில் இந்நாட்டில் வளர்ந்தோர் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது, சொத்தும் படிப்பும் இருந்தால்தான் அரசியல் என்ற பழைய வேலி சாய்ந்தது. அவரைத் தடுப்பது வேறொன்று. துண்டுப்பிரசுரம் அச்சிட வேண்டும். கூட்டத்துக்கு மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டும். உடன் வருவோருக்குத் தேநீராவது வேண்டும். இவ்வளவும் நடக்கும் வாரங்களில் தையல் இயந்திரம் ஓடாது. அந்த இயந்திரம் ஓடாவிட்டால் அடுப்பும் எரியாது.

இந்த மனிதருக்கு முன்னால் இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, நிற்காமல் விடுவது. மற்றொன்று, பணம் தருவோர் ஒருவரைத் தேடிக்கொள்வது. இரண்டாவது வழிதான் உள்ளூராட்சியில் மிகுந்த கவலைக்குரியது. பாராளுமன்றத்துக்குப் போகிறவருக்குப் பணம் கொடுத்தவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை ஊகிக்க வேண்டியிருக்கும். மாநகரசபையிலோ ஊகத்துக்கு வேலையில்லை. கான் வெட்டும் ஒப்பந்தம், குப்பை அள்ளும் ஒப்பந்தம், கட்டட அனுமதி, சந்தைக் கடை, வாகனத் தரிப்பிடம் ஆகிய யாவும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றன. தேர்தலன்று ஒருவர் கொடுத்த பணம், மறுவருடம் ஒரு கானின் கொங்கிறீற்று மூடியில் சீமெந்தாகக் குறைந்து திரும்பிப் போகலாம். கொடுத்தவருக்கு அது நட்டமன்று. மூடி உடைந்த கானைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத்தான் நட்டம்.

இந்நிலையில், தேர்தற் பிரசாரச் செலவின் ஒரு பகுதியையேனும் பொதுப்பணமே ஏற்கலாமா என்ற வினா எழுகிறது. வினா புதியதன்று. இலங்கைச் சட்டத்துக்கும் அது அந்நியமன்று. 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், முன்னைய தேர்தலில் குறைந்தது நூற்றுக்கு ஒரு வீத வாக்கேனும் பெற்ற அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு, பெற்ற வாக்கொன்றுக்கு 50 சதம் வீதம் அரசாங்க உதவி வழங்க இடமளித்தது. ஐம்பது சதத்தைக் கொண்டு இன்று ஒரு தோடம்பழ இனிப்பும் வாங்க முடியாது என்பது ஒருபுறமிருக்க, அந்த ஏற்பாட்டின் அடிப்படைக் குறை வேறு. முன்பு வென்றவருக்கே அது உதவுகிறது. முதன்முறையாக நிற்கும் தையற்காரருக்கு முன்னைய வாக்கு ஏது?

செலவுக்கு எல்லை விதிக்கும் முயற்சியும் இந்நாட்டில் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 1946ஆம் ஆண்டின் தேர்தற் கட்டளை, வேட்பாளரின் செலவுக்கு எல்லை வகுத்துக் கணக்குக் காட்டவும் பணித்தது. விகிதாசார முறை வந்தபோது அந்த எல்லை சட்டத்திலிருந்து மறைந்தது. அதே காலத்தில் விருப்புவாக்கு முறையும் சேர்ந்துகொண்டது. சொந்தக் கட்சிக்காரரையே முந்துவதற்காக வேட்பாளர் ஒருவர் மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. எல்லை இருக்க வேண்டிய காலத்தில் எல்லை இல்லாமற்போனது விந்தையே.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் அந்த இடைவெளியை அடைத்தது. வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு என்ற உச்சத் தொகையைத் தேர்தல் ஆணைக்குழு நிர்ணயிக்கிறது. முடிவுகள் வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் அத்தொகை வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா. 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், இடத்துக்கு இடம் 74 ரூபா முதல் 160 ரூபா வரை அது அமைந்தது.

இது வரவேற்க வேண்டிய சட்டம். ஆயினும் ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் 5,000 வாக்காளர் இருப்பதாகக் கொண்டால், மிகக் குறைந்த வீதமாகிய 74 ரூபாவின்படியே தொகை 370,000 ரூபா ஆகிறது. பணக்கார வேட்பாளருக்கு இது கடிவாளம். தையற்காரருக்கோ எட்டாத கிளை. சட்டம் கூரையைப் போட்டிருக்கிறது, தரையைப் போடவில்லை. உயரமானவர் தலையை இடித்துக்கொள்ளக்கூடும் என்பதனால், பள்ளத்தில் நிற்பவர் மேலே வந்துவிடமாட்டார்.

தரை போடுவது எப்படி என்பதற்கு, நாடுகளைவிட நகரங்களிலேயே நல்ல பாடங்கள் கிடைக்கின்றன. நியூயோர்க் நகரில் 1986ஆம் ஆண்டளவில் பெரும் ஊழலொன்று வெளிப்பட்டது. வாகனத் தரிப்புத் தண்டப்பணத்தை அறவிடும் ஒப்பந்தங்களுக்காக நகர அரசியலில் கையூட்டுக் கைமாறியது தெரியவந்தது. ஒப்பந்தமும் அரசியலும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை அந்நகர மக்கள் அன்று கண்டனர். 1988ஆம் ஆண்டில் தேர்தல் நிதித் திட்டமொன்று அங்கே சட்டமாயிற்று. நகரவாசி ஒருவர் வேட்பாளருக்குச் சிறு தொகை கொடுத்தால், நகர நிதியிலிருந்தும் அதற்கு இணையான தொகை சேரும். தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஒரு டொலர். பின்னர் ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு ஆறு என்று உயர்ந்து, 2018ஆம் ஆண்டு மக்கள் வாக்களிப்பின் பின் ஒன்றுக்கு எட்டு வரை வந்தது. உதவி பெறுகிறவர் செலவு எல்லைக்கும் கணக்காய்வுக்கும் உடன்பட வேண்டும். செல்வர் ஒருவரின் பெருங்கொடையைத் தேடி மாளிகை வாசலில் நிற்பதைவிட, நூறு அயலவரிடம் பத்துப் பத்து டொலராகக் கேட்பது இலாபமாயிற்று என்பதே இத்திட்டத்தின் நுட்பம்.

நியூயோர்க்கில் எல்லாம் தூய்மையாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பிறர் பெயரில் பணம் கொடுத்து, அதற்கும் பொதுநிதி பெற முயலும் தந்திரம் அங்கும் முளைத்தது. 2024 டிசம்பரில், அப்போது மேயராயிருந்த எரிக் அடம்ஸுக்கு அந்நிதியை வழங்கத் தேர்தல் நிதிச் சபை மறுத்தது. ஒரு திட்டத்தின் பலம், அதில் குற்றமே நிகழாமையில் இல்லை. பதவியிலிருக்கும் மேயருக்கே இல்லையென்று சொல்லக்கூடிய ஒரு சபை இருப்பதில் உண்டு.

சியாற்றில் நகரம் இன்னொரு வழியைக் கண்டது. 2015ஆம் ஆண்டில் அந்நகர மக்கள் வாக்களித்து ஏற்ற திட்டப்படி, தகுதியுள்ள நகரவாசி ஒவ்வொருவருக்கும் 25 டொலர் பெறுமதியான நான்கு சீட்டுகள் கிடைக்கும். அவற்றைத் தாம் விரும்பும் நகரவேட்பாளருக்கு அவர் கொடுக்கலாம். வாடகை வீட்டிலிருப்பவரும் ஒரு புரவலராகிறார். 2017ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பயன்பட்ட இத்திட்டத்தை 2025ஆம் ஆண்டில் மக்கள் மீண்டும் வாக்களித்து நீடித்தனர். இதற்கான பணம் நகரின் ஆதனவரியிலிருந்து வருகிறது. கொழும்பு மக்கள் சோலைவரி என்று சொல்லும் அதே வரிதான்.

அயல்நாடாகிய இந்தியாவில், இந்திரஜித் குப்தா தலைமையிலான குழு 1998ஆம் ஆண்டில் அரசாங்க உதவியை ஆதரித்தது. ஆனால் உதவி பணமாக அன்றிப் பொருளாகவும் வசதியாகவும் இருக்கவேண்டும் என்றது. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும் என்று அக்குழு வரையறுத்ததை ஏற்பது கடினம். பணமாகக் கொடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையைக் கொழும்பு ஏற்கலாம்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் காத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்துக்குப் பணமில்லாத நாட்டில் சுவரொட்டிக்கு வரிப்பணமா என்று கேட்பவரை மூடர் என்று தள்ளிவிட முடியாது. அண்மைய வரலாறே அவர் பக்கம் நிற்கிறது. 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியிடமிருந்து பணம் கிடைக்காமையால் நின்றுபோயிற்று. பிரசாரத்துக்கு அல்ல, வாக்குச்சீட்டு அச்சிடுவதற்கே பணமில்லை என்றனர். நாடெங்கும் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேட்பாளராகப் பெயர் கொடுத்திருந்தனர். அவர்களிற் பலர் கைப்பணத்தைச் செலவழித்துத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டிருப்பர். 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி, அத்தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டில் புதிய சட்டமொன்றின் கீழ் பழைய வேட்புமனுக்கள் தள்ளுபடியாகி, புதியவை கோரப்பட்டன. இரண்டாவது முறையும் செலவழிக்க வல்லவர் யார்? பணமுள்ளவரும், பணமுள்ளவரின் ஆதரவு பெற்றவருமே.

ஆகவே அந்த அனுபவம் ஆட்சேபத்துக்கு மட்டுமன்றி, அதன் மறுப்புக்கும் சான்றாகிறது. தேர்தலுக்கு அரசாங்கம் செலவிடாவிட்டால் செலவு ஒழிந்துபோவதில்லை. வேறொருவர் கணக்கில் ஏறுகிறது. அவர் அதை எங்கே மீட்பார் என்பது கானின் மூடியைப் பார்த்தால் தெரியும். பொதுப்பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, அதை வெளிப்படையாக முன்கூட்டிக் கொடுப்பதா, மறைவாகப் பிற்பாடு கொடுப்பதா என்பதே சரியான கேள்வி.

மற்றொரு அச்சமும் உண்டு. அரசாங்கப் பணம் என்றால் ஆளுங்கட்சியின் பணமாகிவிடாதா? 2023ஆம் ஆண்டின் சட்டம் அரச திணைக்களங்களிடமிருந்து வேட்பாளர் நன்கொடை பெறுவதைத் தடுப்பதும் இந்த அச்சத்தினாலேயே. அத்தடை நியாயமானது. ஓர் அமைச்சர் தம் விருப்பப்படி கொடுப்பது வேறு. எல்லா வேட்பாளருக்கும் ஒரே அளவாகச் சட்டப்படி ஆணைக்குழு கொடுப்பது வேறு. இரண்டாவதற்குச் சட்டத்தில் தனி இடம் செய்ய வேண்டியிருக்கும்.

கொழும்புக்கு ஏற்றது எது? வெள்ளவத்தையைப் பார்த்தால் விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுக்கு வீதிகளில், பழைய ஓட்டு வீடுகள் நின்ற இடங்களில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வட்டாரத்தில் நிற்க முன்வந்தாலும், அவர் ஒவ்வொரு கதவையும் தட்ட முடியாது; வாயிலில் காவலாளி நிறுத்திவிடுவார். வாக்காளர் அட்டை மட்டும் அஞ்சல் மூலம் உள்ளே போகிறது. அதனுடன் வட்டார வேட்பாளர் எல்லோரதும் பெயர், தொழில், அவர்கள் செய்ய எண்ணுவது ஆகியவற்றைச் சம அளவான இடத்தில் மும்மொழியிலும் அச்சிட்ட ஒரே பிரசுரத்தை அனுப்புவதற்குப் பெருஞ்செலவாகாது. கொட்டாஞ்சேனையின் தோட்டத்துக்கும் அதே தாள், வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கும் அதே தாள். மாநகரசபையின் மண்டபங்களையும் பாடசாலை மண்டபங்களையும் மாலையில் முறைவைத்து இலவசமாகக் கொடுக்கலாம். வானொலியும் இதில் தன் பங்கைச் செய்யக்கூடும். இவற்றோடு, வட்டாரவாசிகள் தரும் சிறு நன்கொடைக்கு மட்டும் ஓர் அளவுவரை பொதுநிதி இணை சேர்க்கலாம்.

குறிப்பாகப் பெண்களுக்கு இது முக்கியம். உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 வீத இடம் பெண்களுக்கென்று சட்டம் ஒதுக்கியது. 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே அது நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் பெயர் ஏறியது. பணப்பெட்டி மட்டும் பழைய கைகளிலேயே இருந்தது. கொழும்பு வடக்கு இதற்கு முன்னரே ஒரு பெண்ணை முன்னனுப்பிய பகுதி என்பதையும் மறக்கலாகாது. தேர்தல் மனுவொன்றினால் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து அரசாங்க சபை ஆசனத்தை இழந்தபோது, 1932ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் அங்கே வென்றவர் அவர் மனைவி நேசம் சரவணமுத்து. டாக்டர் சரவணமுத்து 1937ஆம் ஆண்டில் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். செல்வாக்குள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு அன்று திறந்த கதவு, தையற்காரரின் மகளுக்கு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

ஒரு வட்டாரத்தின் ஒரு ஆசனம் அற்பம் என்று கருதுவோர், 2025ஆம் ஆண்டில் கொழும்பு மாநகரசபையில் நடந்ததைப் பார்க்கட்டும். 117 உறுப்பினர் கொண்ட சபையில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஜூன் 16ஆம் திகதி நடந்த இரகசிய வாக்கெடுப்பில் 61 வாக்குக்கு 54 என்ற கணக்கில் மேயர் தெரிவானார். நான்கு கைகள் மாறியிருந்தால் தலைநகரின் மேயர் மாறியிருப்பார். அவ்வாறான தருணத்தில், ஒவ்வோர் உறுப்பினரும் தம் வட்டாரத்துக்கு மட்டுமே கடன்பட்டவராயிருக்க வேண்டுமல்லவா?

மாநகரசபையின் ஆயுட்காலம் நான்கு ஆண்டு. வேட்புமனு கோரிய பின்னர் இத்தகைய சட்டம் கொண்டுவருவதனால் யாருக்கும் பயனில்லை. தேர்தலுக்கு ஓராண்டு முன்னரேனும் அது நிறைவேறி, எவ்வளவு உதவி, எந்த நாளில், யார் கையில் என்பது வெளியாகியிருந்தால்தான், ஜம்பட்டா வீதித் தையற்காரர் தம் மனைவியோடு உட்கார்ந்து, எத்தனை வாரம் இயந்திரத்தை நிறுத்தலாம் என்று கணக்குப் பார்க்க முடியும்.