இருந்த இடத்தில் இருக்கட்டும்

பிறர் வீட்டைத் துப்புரவு செய்து கொடுப்பது நற்செயல் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், அவ்வாறு துப்புரவு செய்யப்பட்ட வீட்டினுள் நுழையும்போது, நன்றி கூற வேண்டிய வாய் அடைத்துப் போவதும், சினமா துயரமா என்று பிரித்தறிய இயலாத ஓர் உணர்ச்சி நெஞ்சில் எழுவதும் உண்டு. அவ்வுணர்ச்சியைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன்.

சில காலத்துக்கு முன்னர் என் கண்ணிலே வெண்புரை நீக்கும் சத்திரசிகிச்சை நடைபெற்றது. அதன்பின் ஒரு வாரம் தமக்கையார் வீட்டிலே தங்கியிருந்தேன். அந்த ஒரு வாரத்துக்குள், கொழும்பிலிருந்து வந்த என் மகளும் மருமகனும் என் வாசிப்பறையை ஒழுங்குபடுத்திவிட்டனர். நூல்கள் யாவும் உயரத்தின்படி அடுக்கப்பட்டிருந்தன. மேசை லாச்சியில் இருந்த கடிதக்கட்டுகள் ஒரு பெட்டியிலே போடப்பட்டிருந்தன. விறாந்தையில் மேற்குப் பார்த்துக் கிடந்த சாய்மனைக் கதிரை மூலையொன்றுக்குப் போயிருந்தது. நூல்களின் இடையே இருபது ஆண்டுகளாக நான் செருகி வைத்த துண்டுக் கடதாசிகளை எல்லாம் குப்பையென்று கருதி எரித்துவிட்டனர்.

"அப்பா, இப்பொழுது எவ்வளவு வடிவாய் இருக்கின்றது, பாருங்கள்!" என்றாள் மகள்.

உண்மையில் வடிவாகத்தான் இருந்தது. ஒரு பொருளும் களவு போகவில்லை. எனினும், களவு போன வீட்டின் நடுவே நிற்பவனைப் போலவே நான் நின்றேன்.

இது முதுமையின் முரண்டு என்று சிலர் கூறலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணி என்னைக் கடிந்துகொண்டேன். ஆனால், அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890 ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலிலே இதற்கு விடை இருக்கின்றது. 'நான்' என்று ஒருவன் உணர்வது உடலையும் மனத்தையும் மாத்திரமன்று. அவனுடைய உடை, வீடு, குடும்பம், அவன் உழைத்து ஆக்கியவை அனைத்தும் அதனுள் அடங்கும் என்பது அவர் கருத்து. ஆகவே அவற்றில் ஒன்று கைவிட்டுப் போகுமிடத்து, நாமே ஓரளவு சுருங்கிவிட்டதாக உணர்கின்றோம்.

பொருளுக்கு மட்டுமன்றி, அது இருக்கும் இடத்துக்கும் ஒரு பொருள் உண்டு. 1980 ஆம் ஆண்டு ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் செய்த அகழாய்விலே, பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழி ஒன்றில் எழுத்துப் பொறித்த சிறு முத்திரை கிடைத்தது. அது அக்குழியினுள்ளே கிடைத்தமையால், அங்கு அடக்கப்பட்டவரைப் பற்றியும் அக்காலத்தைப் பற்றியும் ஆராய வழி பிறந்தது. எவரோ முன்னமே அதை எடுத்துத் துடைத்து அலுமாரியொன்றில் வைத்திருந்தால், முத்திரை எஞ்சியிருக்கும். அது சொல்லும் செய்தியிற் பெரும்பகுதி போயிருக்கும். ஒருவர் வாழும் வீடும் அத்தகையதே. பிறர் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றுவது, அங்கு வாழ்பவருக்கு நினைவின் அடுக்காக இருக்கக்கூடும்.

அன்றிரவு அடுக்கிய நூல்களின் முன்னே நின்றபோது, எனக்கு என் தாயாரின் குரல் கேட்டது. அதனையும் சொல்லிவிடுகின்றேன்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள், போரின் காரணமாக வலிகாமத்து மக்கள் திரளாக இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபோது நாமும் சென்றோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீடு நின்றது. உள்ளே யாவும் கிளறிக் கிடந்தன. அம்மாவின் றங்குப்பெட்டி திறந்து, சேலைகள் நிலத்திலே இறைந்து கிடந்தன. போனவை எவை என்று அவர் கணக்கெடுக்கவில்லை. எஞ்சிய துணிகள் அனைத்தையும், மடிப்புக் கலையாதவற்றையுங்கூட, கிணற்றடிக்குக் கொண்டுசென்று துவைத்தார். உலர்ந்தபின் மறுநாளும் துவைத்தார். பிறகு சுளகையும் நீத்துப்பெட்டியையும் உப்புச் சட்டியையும் பழைய இடங்களிலேயே வைத்து, குசினியைத் தம்முடையதாக்கிக்கொண்டார்.

2010 ஆம் ஆண்டு அவர் திருகோணமலையிலுள்ள தங்கையின் வீட்டுக்குச் சென்று ஒரு மாதம் தங்கினார். அம்மாவுக்கு வியப்பூட்டுவோம் என்று எண்ணி, அந்த மாதத்திலே குசினியை நான் புதுப்பித்தேன். விறகடுப்பு இருந்த இடத்திலே மேடை எழுந்தது. எரிவாயு அடுப்பு வந்தது. அம்மி கொல்லைக்குப் போயிற்று. சுவரிலே அலுமாரிகள்; அவற்றுள் ஒரே அளவான போத்தல்கள். திரும்பி வந்த அம்மா வாசற்படியிலே சிறிது நேரம் நின்றார். பின்னர், "தம்பி, உப்பு எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

ஐம்பது ஆண்டுகளாக இருட்டிலும் உப்பை எடுக்கத் தெரிந்திருந்த கை அது. அதன்பின் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டே சமைத்தார். நாளடைவில் சமைப்பதையே விட்டுவிட்டார். அம்மாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன் என்று நான் உறவினரிடம் பெருமையாகக் கூறினேன். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அன்று அவர் என்னிடம் கேட்டதன் கருத்து, என் அறையை நான் இழந்தபின்பே எனக்கு விளங்கிற்று.

அந்நியர் வீட்டைக் கிளறியதும் மகன் அன்பினாலே புதுப்பித்ததும் ஒன்றாகமாட்டா. ஆயினும் இரண்டிடத்தும் அவரை ஒரு வார்த்தை கேட்டவர் எவருமிலர். எர்விங் கோஃப்மன் என்னும் சமூகவியலறிஞர், மனநோய் வைத்தியசாலைகளையும் அவை போன்ற நிலையங்களையும் ஆராய்ந்து 1961 ஆம் ஆண்டு நூலொன்று வெளியிட்டார். உட்செல்வோரின் சொந்தப் பொருள்களைக் களைந்தெடுப்பது, அவர்களுடைய தன்னுணர்வையே சிதைக்கும் செயல்களுள் ஒன்று என்று அதிலே எடுத்துக்காட்டினார். நிலையங்களுக்கு அவர் கூறியது நம் வீடுகளுக்கும் ஓரளவு பொருந்தும்.

நேயர்களே, எதனையும் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நுளம்பு பெருகும் தண்ணீரை அகற்றத்தான் வேண்டும். முதியோர் கால் இடறும் வழியிலே கிடப்பவற்றை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் உரியவரை அருகே இருத்தி, பொருளைக் கையில் எடுத்து, "இதை எங்கே வைப்போம்?" என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் செல்லும்? பார்வை குறைந்தவர் வாழும் வீட்டிலே கதிரையை ஒரு முழம் நகர்த்தினாலும் சொல்லிவிட்டே நகர்த்துதல் வேண்டும். சிறு பிள்ளையின் புத்தகப்பையைத் திறக்கும்போதும் அப்பிள்ளையைக் கேட்பதே முறை. பாடசாலையிலே நான் இதனை மிகப் பிந்தியே கற்றுக்கொண்டேன்.

மகளை நான் கடிந்துகொள்ளவில்லை. அவளுடைய பேத்தியாரின் உப்புச் சட்டியின் கதையைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு நாம் இருவரும் சேர்ந்து நூல்களை இறக்கினோம். ஒவ்வொன்றையும் எடுத்து, "இது எங்கே, அப்பா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தாள். எரிந்த துண்டுகள் மீளவில்லை. சாய்மனைக் கதிரை மீண்டும் மேற்கு நோக்கிக் கிடக்கின்றது.

உங்கள் வீட்டிலும் தாயோ தந்தையோ இருப்பார்களாயின், அவர்களுடைய அலுமாரியைத் திறக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று அவர்கள் கூறினால், அது அங்கேயே இருக்கட்டும்.