காரில் சாயம் பெயர்ந்தால் என்ன செய்வது?



நம் தோட்டத்துக் குடும்பங்கள் கார் வாங்குவது பகட்டுக்காக அல்ல. மருத்துவமனை தூரம், பள்ளி தூரம், பெரிய சாலைக்குப் போகவே செம்மண் பாதையைக் கடக்க வேண்டும். 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கன்சில் போன்ற கார்கள் கைமாறிக் கைமாறி நம்மில் பலருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அப்படி வந்த காரில் ஓரிடத்தில் சாயம் பெயர்ந்துவிட்டால் வீட்டில் இரண்டு பேச்சு எழும். "ஓடுகிற கார்தானே, கிடக்கட்டும்" என்பது ஒன்று. "பட்டறைக்குக் கொண்டுபோங்கள், பார்க்க நன்றாக இல்லை" என்பது மற்றொன்று. எது சரி என்பதை இன்று பார்ப்போம்.

சாயம் அழகுக்கு மட்டும் பூசப்படுவது அன்று. அது தகட்டுக்குப் போர்த்திய தோல். எஃகுத் தகட்டின்மேல் முதலில் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் சாம்பல் நிறம் போன்ற அடிச்சாயம், பிறகு நிறச்சாயம், பல கார்களில் எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல் ஒரு தெளிபூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும். இத்தனையும் சேர்ந்தும் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். சக்கரம் தெறிக்கும் ஒரு கல்லே அதைத் துளைத்துவிடும்.

துளை விழுந்தால் என்ன ஆகும்? பால்வெட்டும் கத்தியை ஈரத்தோடு வைத்துவிட்டால் மறுநாள் காலையில் அதில் செந்நிறம் படர்ந்திருப்பதை நாம் அறிவோம். இரும்பும் நீரும் காற்றிலுள்ள உயிர்வாயுவும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. அலுமினியச் சட்டியின்மேல் உண்டாகும் மெல்லிய படலம் சட்டியைக் காக்கும். இரும்பின் துரு அப்படி அன்று. அது பொருக்குப் பொருக்காய்ப் பிளந்து, ஈரத்தை இன்னும் உள்ளே விடும். தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள நல்ல சாயத்தையும் தூக்கிவிடும். சாயம் கொப்புளம்போல் எழும்புவது இதனால்தான்.

தோட்டத்தில் இதற்கு வேகம் கூடுதல். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம், நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் உப்பைப் போன்ற குளோரைடு வகை. அம்மோனியம் சல்ஃபேட்டும் ஓர் உப்புதான். இவை ஈரத்தோடு சேர்ந்தால் துருவை விரைவுபடுத்தும். அமிலம் ஊற்றி உறையவைத்த கட்டிப்பாலிலிருந்து வடியும் நீரும் தகட்டுக்கு ஆகாது. உரமூட்டையோ கட்டிப்பாலோ ஏற்றிய காரை அன்றே கழுவிவிடுவது நல்லது.

இனி, பழுது பார்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, அடிபட்ட இடம் தகடா, பிளாஸ்டிக்கா? இன்றைய கார்களின் முன்பக்க, பின்பக்க பம்பர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. அங்கே சாயம் பெயர்ந்தால் குறை கண்ணுக்கு மட்டுமே. பணமுடை உள்ளபோது விட்டுவிடலாம்.

இரண்டாவது, காயம் எவ்வளவு ஆழம்? கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மேலே வெறும் கீறல், காரின் நிறம் அப்படியே இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். அடிச்சாயம் தெரிந்தால் அவசரமில்லை, ஆனாலும் மறந்துவிடக்கூடாது. பளபளவென்று தகடு தெரிந்தால் அந்த வாரமே மூடிவிட வேண்டும். பழுப்புநிறம் தெரிந்தாலோ கொப்புளம் எழுந்திருந்தாலோ, கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே அதிகம் பரவியிருக்கும் என்று கொள்ளுங்கள்.

மூன்றாவது, காயம் எந்த இடத்தில்? கூரையிலும் முன்மூடியிலும் வெயிலும் காற்றும் பட்டு ஈரம் சீக்கிரம் காயும். சக்கர வளைவு, கதவின் அடி, படியோரம் ஆகிய இடங்களில் சேறு ஒட்டிக்கொண்டு ஈரம் தங்கும். அங்கே சிறு புள்ளியையும் விட்டுவைக்கக் கூடாது. கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஓர் ஈர்க்குச்சியால் அவ்வப்போது குத்திவிடுங்கள்.

சிறு காயத்தை வீட்டிலேயே மூடலாம். மழையில்லாத நாளில், நிழலில், அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டத்தில் வைத்துச் செய்யுங்கள். சாயத்தின் ஆவி தீப்பற்றக்கூடியது. இடத்தைச் சோப்புநீரால் கழுவிக் காயவிடுங்கள். துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தகடு தெரியும்வரை தேய்த்தெடுங்கள். பிறகு அடிச்சாயத்தை மெல்லியதாகத் தொட்டுவைத்து உலரவிட்டு, அதன்மேல் நிறச்சாயத்தை இரண்டு மூன்று தடவை மெல்லியதாகப் பூசுங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் வழிந்து, பிறகு உரிந்துவிடும். நிறத்தின் எண் பல கார்களில் இஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் எழுதப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உடனே சாயம் கிடைக்காவிட்டால், மகளின் நிறமற்ற நகச்சாயமும் சில நாட்களுக்கு ஈரத்தைத் தடுக்கும். ஆனால் துருவின்மேல் அப்படியே சாயம் பூசினால் பயனில்லை. மூடிய துரு உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

துளை விழுந்துவிட்டால், அல்லது படியோரமும் தரைத்தகடும் அரிக்கப்பட்டிருந்தால், அது சாய வேலை அன்று. கெட்ட தகட்டை வெட்டி நல்ல தகட்டை ஒட்டவைக்க வேண்டும். சிலர் துளையைப் புட்டியால் நிரப்பிச் சாயம் அடித்துவிடுவார்கள். பழைய கார் வாங்கும்போது ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் ஒட்டும் காந்தம், கனமான புட்டியின்மேல் ஒட்டாது.

தீபாவளி நெருங்கும்போது கார் முழுவதற்கும் புதுச்சாயம் அடிக்கும் ஆசை வருவது இயல்பு. ஆசைக்கு முன்னால் டயரைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள். டயர் மொட்டையாக இருக்கும்போது சாயத்துக்குக் காசு கொடுப்பது முறையன்று. பிள்ளைகள் ஏறிப்போகும் வண்டி அது. நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் பதிவை மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே, சாயம் பெயர்ந்ததெல்லாம் செலவுக்குரியதும் அன்று. விட்டுவிடக் கூடியதும் அன்று. பார்வைக்கு மட்டும் குறையென்றால் பொறுத்திருக்கலாம். தகடு தெரிந்தால் பொறுக்கக் கூடாது. இன்று ஒரு சிறு புட்டிச் சாயத்தோடு முடிகிற வேலை, தள்ளிப்போட்டால் ஒரு மாதச் சம்பளத்தையே கேட்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது, பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு சக்கர வளைவுகளையும் கதவின் அடியையும் ஒருமுறை பாருங்கள்.