எஞ்சின் எப்போது நிற்கிறது?



கடலோரப் பங்குகளில் புது வலை, புது வள்ளம், புது எஞ்சின் எதுவானாலும் மந்திரித்துத் தரும்படி குருவானவரிடம் கேட்பது வழக்கம். குமரிக் கடற்கரையில் பழைய எஞ்சினையும் தூக்கிவருவார்கள். தகப்பன் ஓட்டி, இப்போது மகன் ஓட்டும் மண்ணெண்ணெய் எஞ்சின். “சாமி, கடல்ல நின்னு நின்னு போகுது, கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சு விடுங்க.” தெளிக்கிறேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன்: “எப்ப நிக்குது?”

“அது எப்பவும்தான் நிக்குது சாமி” என்று பதில் வரும்.

இந்தப் பதிலோடு பட்டறைக்குப் போனால் செலவுக்கு எல்லையில்லை. பிளக் மாற்றுவார்கள், காயில் மாற்றுவார்கள், கார்ப்பரேட்டரைக் கழற்றுவார்கள். அதற்குள் வட்டிக்கு வாங்கிய பணம் தீர்ந்துவிடும். யாக்கோபும் யோவானும் அழைக்கப்பட்டபோது படகில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்கிறது மாற்கு நற்செய்தி. வலையென்றால் நம் மீனவரும் அப்படித்தான், விரித்துப் போட்டுக் கண்ணி கண்ணியாகத் தேடுவார். அதே மனிதர் எஞ்சின் நின்றால் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டையைப் போக்கிக்கொள்கிறார்!

நார்வேயில் பிறந்த ஓல் எவின்ரூட் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1909-இல் இப்படிப்பட்ட மோட்டார்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அதற்குத் தேவை எரிபொருள், காற்று, தீப்பொறி, சூட்டைத் தணிக்கத் தண்ணீர். இவற்றில் எது குறைகிறது என்பதை எஞ்சின் நிற்கிற நேரமே காட்டிக்கொடுக்கும்.

கரையிலிருந்து நன்றாகப் புறப்பட்டு, பத்து நிமிடம் ஓடி, ஆள் மயங்குவதுபோல் மெல்ல அடங்குகிறதா? முதலில் டாங்க் மூடியைத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை உப்பாலும் அழுக்காலும் அடைத்திருக்கிறது. ஓர் ஊசியும் துணியும் போதும். குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பல்பையும் தொட்டுப் பாருங்கள். சப்பிப் போயிருந்தால் அடைப்பு டாங்க் பக்கம். அதை விடாமல் அமுக்கினால்தான் ஓடுகிறது என்றால், பம்ப்பின் சவ்வு தளர்ந்திருக்கலாம், அல்லது குழாய் வெடித்துக் காற்றை இழுக்கலாம்.

இருமி இருமி நிற்கிறதா? மண்ணெண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிச் சற்று வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

வேகமாக ஓடும்போது சரியாக இருந்து, வேகத்தைக் குறைத்ததும் நிற்பது வேறு வகை. நான் பயப்படுவது இதற்குத்தான். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் நங்கூரம் போடலாம், பக்கத்து வள்ளத்தைக் கூப்பிடலாம். ஆனால் இது நிற்பது கரை பிடிக்கும்போது, அலை உடைகிற இடத்தில், அடுத்த அலைக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில். வள்ளம் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கவிழ்ந்துவிடும். கரையில் நிற்கும் மனைவி மக்கள் கண் முன்னால் நடப்பது இது. பழைய எஞ்சின்களில் கார்ப்பரேட்டரின் மெதுவோட்டத் துளையில் எண்ணெய்ப் பிசின் உறைந்து அடைப்பதே பலநேரம் காரணம். கழற்றி, மருந்தில் ஊறவைத்து, காற்றடித்து எடுக்க வேண்டும். சிலர் கம்பியை விட்டுக் குத்துகிறார்கள். துளை பெரிதாகிப் போனால் பிறகு எத்தனை முறை திருகினாலும் அந்த எஞ்சின் ஒழுங்காக ஓடாது.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு இன்னொன்றும் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்துக் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் விட்டால் பிளக் ஈரமாகிக் கறுத்துவிடும். ‘எஞ்சினுக்கு நல்லது’ என்று அளவுக்கு மேல் ஆயில் கலப்பதும் அப்படியே. கையேட்டில் உள்ள அளவு போதும்.

சூடேறியதும் நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறதா? காயில் மீது சந்தேகம் வையுங்கள். ஆனால் நின்ற உடனே பார்க்க வேண்டும். அரைமணி கழித்துப் பட்டறையில் பார்த்தால் தீப்பொறி பளிச்சென்று வரும், மெக்கானிக் உங்களைத்தான் சந்தேகிப்பார். பெட்ரோல் கேனைத் தள்ளிவைத்துவிட்டு, கழற்றிய பிளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்டிப்பிடித்துச் சோதியுங்கள். பக்கத்துச் சிறு துளையில் தண்ணீர் பீய்ச்சுவது நின்றிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். உப்பு அடைத்திருக்கும், அல்லது ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துவையுங்கள். அவர் கரையேறியதும் கேட்டு எழுதுங்கள்: கிளம்பி எவ்வளவு நேரத்தில் நின்றது, வேகத்திலா மெதுவிலா, சூட்டிலா, பல்பை அமுக்கியதும் கிளம்பியதா. நாலு நாள் குறிப்போடு மெக்கானிக்கிடம் போங்கள். அதுவரை அந்த வள்ளத்தில் இரண்டு துடுப்பும் நங்கூரமும் இல்லாமல் யாரையும் கடலுக்கு அனுப்பாதீர்கள்.