உறைந்தும் உயிரோடு

தக்காளியை ஃப்ரீசரில் உறைய வைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். கொழகொழவென்று ஆகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி, செல்களைக் கிழித்துவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களுக்கும் இதே ஆபத்துதான். பிறகு எப்படி அவற்றைப் பல வருஷம் உறைய வைத்துக் காப்பாற்றுகிறார்கள்?

1949-ஆம் ஆண்டு. லண்டனில் கிறிஸ்டோபர் போல்ஜ் என்ற இளம் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் சேவலின் விந்தணுக்களை உறைய வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரைக் கரைசல் சேர்த்தார்கள். சரிவரவில்லை. ஒருமுறை மட்டும், உருகிய பிறகும் விந்தணுக்கள் நீந்தின! அந்தக் கரைசல் இருந்த புட்டியைச் சோதித்தால், அதில் சர்க்கரையே இல்லை. லேபிள் மாறிப்போயிருக்கிறது. உள்ளே இருந்தது கிளிசரின். ஆமாம், மருந்துக்கடையில் கிடைக்கிற அதே கிளிசரின்தான். அந்தப் புட்டியைக் கொட்டிவிடாமல் சோதித்தார்களே, அதுதான் பெரிய விஷயம்.

கிளிசரின் செல்லுக்குள் புகுந்து, பனிக்கட்டியின் சேதத்தைக் குறைக்கிறது. செல்களைப் பொதுவாக மெதுவாக உறைய வைப்பார்கள். எடுக்கும்போது சட்டென்று உருக்குவார்கள். மறுபடியும் சொல்கிறேன்: உறைவது மெதுவாக, உருகுவது வேகமாக.

கால்நடை மருந்தகத்தில் பசுவுக்குச் சினை ஊசி போடுகிறார்கள், இல்லையா? அந்த விந்தணுக்களும் கிளிசரின் சேர்த்து, திரவ நைட்ரஜனில் உறைந்தபடிதான் உங்கள் ஊருக்கு வருகின்றன.