விருந்தினர் சென்றபின் எஞ்சுவது: எல்லைகடந்த ஊர்களும் மீள்தழைப்புச் சுற்றுலாவும்



மொழியியல் பயின்றோர் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவானேன் என்னும் வினா உங்களுள் எழலாம். புதிய கருத்து ஒன்று ஒரு சமூகத்துக்குள் நுழையும்போது அதற்கு முதலில் ஒரு சொல் வேண்டும். சொல் பிழைபட அமைந்தால் கருத்தும் பிழைபடும். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

'வளங்குன்றாச் சுற்றுலா' என்னும் தொடர் நமக்குப் பழகியது. இருப்பது குறையாமல் காத்துக்கொள்வது என்பதே அதன் பொருள். இப்போது அதற்கு ஒருபடி மேலான கருத்துப் பேசப்படுகிறது. விருந்தினர் வந்து சென்றபின் ஊரின் மண்ணும் நீரும் மக்கள் வாழ்வும் முன்னினும் செழித்திருக்க வேண்டும் என்பது அது. இதனை 'மீளுருவாக்கச் சுற்றுலா' எனப் பெயர்ப்பாருளர். உருவாக்கம் என்பது ஒருவர் செய்து முடிக்கும் பொருளுக்கு ஏற்ற சொல். இங்குக் குறிக்கப்படுவதோ உயிருள்ள ஒன்று தானே மீண்டும் வளர்வது. எனவே 'மீள்தழைப்புச் சுற்றுலா' என்னும் தொடரை இவ்வுரையில் ஆள்கின்றோம்.

இதனை விளக்க அயலுவமை வேண்டா. பால்மரம் சீவிய கைகளின் வழிவந்தோர் நம்மிடையே பலர். உளி பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் பால் வடியும், சில ஆண்டுகளில் அவ்விடத்தில் புதுப்பட்டை வளரும், மறுபடியும் சீவலாம். உளி ஆழப் பாய்ந்து உள்மரத்தைத் தொட்டுவிட்டால், பின்னர் அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிப் பயனற்றுப் போகும். சுற்றுலாவும் ஒருவகைச் சீவலே. எவ்வளவு ஆழம் சீவுவது, அதனை யார் முடிவு செய்வது என்பனவே நம்முன் உள்ள வினாக்கள்.

இவற்றுக்கு விடைதேடச் சரவாக்கின் உள்நாட்டுக்குச் செல்வோம். அதன் வடகிழக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், கெலாபிட் மேட்டுநிலம் உள்ளது. அங்குள்ள முதன்மையான ஊர் பாரியோ. அதற்கு வடக்கே லுன் பாவாங் மக்கள் வாழும் பா கெலாலான். மலைத்தொடருக்கு அப்பால் இந்தோனேசியக் கலிமந்தானைச் சேர்ந்த கிராயான். லுன் டாயே மக்களின் நிலம். 1891இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் செய்துகொண்ட உடன்படிக்கை இவர்களிடையே எல்லையை வகுத்தது. கோடு வரைந்தோர் மலைமுகட்டையும் நீரோட்டத்தையும் நோக்கினரேயன்றி மக்களின் பேச்சை நோக்கினாரல்லர்.

அப்பேச்சோ நெருங்கிய உறவுடையது. கெலாபிட் மொழியில் நெல் 'பாடே'; அரிசி 'பெரா'; சோறு 'நுபா'. லுன் பாவாங், லுன் டாயே மக்களுக்குச் சோறு 'லுபா'. சோற்றைக் குழைத்து இலையில் பொதிந்த உணவு பாரியோவில் 'நுபா லாயா', கிராயானில் 'லுபா லாயா'. நகரத்துக்கும் லகரத்துக்கும் உள்ள தொலைவே இவ்வீரூர்களின் தொலைவு. நெல், அரிசி, சோறு எனப் பகுத்து வழங்கும் நமக்கு இது வியப்பன்று. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'ரைஸ்' என்னும் ஒரு சொல்லே போதும். அவ்வொரு சொல்லோடு மட்டும் ஊருக்குள் வருபவர் கண்ணில் விளைத்தவரும் குற்றியவரும் சமைத்தவரும் தனித்தனியே படமாட்டார்.

சொல்லைப் போன்றே வாழ்வும் பொதுவானது. பாரியோ அரிசியும் கிராயானின் ஆடான் அரிசியும் ஆண்டுக்கு ஒரு போகம் விளைபவை. தத்தம் நாட்டில் புவிசார் குறியீடு பெற்றவை. அறுவடைக்குப்பின் எருமைகள் வயலில் இறங்கிக் களைகளை மிதித்து, எருவும் இடுகின்றன. பாரியோவை அடுத்த பா உமோரிலும், எல்லைக்கு அப்பால் லோங் மிடாங்கிலும் ஊற்றுநீரைக் காய்ச்சி மலையுப்பு எடுக்கின்றனர். பாரியோவிலிருந்து பா கெலாலானுக்குப் புகழ்பெற்ற காட்டுவழியில் நடப்பவர், இடையில் கிராயானைச் சேர்ந்த பா ருபாயைக் கடந்தே செல்கிறார். மலேசிய ஊர் ஒன்றிலிருந்து மற்றொரு மலேசிய ஊருக்குச் செல்லும் பாதையே அயல்நாட்டின் வழி செல்கிறது எனின், எல்லைகடந்த ஒத்துழைப்பு இங்கு அணிகலன் அன்று, அடிப்படைத் தேவை.

அதனை முதலில் உணர்ந்தோர் அம்மக்களே. 2004இல் இருபுறத்தாரும் கூடி 'ஃபோர்மடாட்' என்னும் மேட்டுநிலத் தொல்குடியினர் மன்றத்தை அமைத்தனர். புருணை, இந்தோனேசியா, மலேசியா ஆகிய மூன்று அரசுகளும் 'போர்னியோவின் இதயம்' அறிக்கையில் ஒப்பமிட்டது 2007இல். மக்கள் முன்னே, அரசுகள் பின்னே என்னும் இவ்வரிசை கருதத்தக்கது. ஆயினும் மக்கள் உறவு மட்டும் போதாது. 2020இல் நோய்த்தொற்றால் எல்லை மூடப்பட்டபோது, பா கெலாலான் வழி வரும் சரக்கை நம்பியிருந்த கிராயானில் அன்றாடப் பொருளுக்கே தட்டுப்பாடு நேர்ந்தது. உறவு வழியமைக்கும், அவ்வழியைத் திறந்து வைப்பது அரசின் கடன்.

மொழிக்கு இதில் என்ன பங்கு? இளைஞர் வேலைதேடி நகரம் செல்லும் ஊரில், விருந்தினர் வருகை அவர்கள் திரும்பிவர ஒரு காரணம் ஆகலாம். அது நன்று. ஆனால் பாட்டி பேரனுக்குச் சொல்லவேண்டிய கதை, விருந்தினருக்கு மட்டும் ஆங்கிலத்தில் சொல்லப்படுமாயின், உளி ஆழப் பாய்ந்துவிட்டது என்பதே பொருள். பாரியோ மக்கள் 2011இல் தம் மொழி ஒலிக்கும் சமூக வானொலியைத் தொடங்கியது இங்கு நினைக்கத்தக்கது. வழிப்பலகைகளில் ஓடைக்கும் குன்றுக்கும் உள்ளூர்ப் பெயர் நிற்கட்டும்; இருபுறத்து வழிகாட்டிகளும் ஒரே சொற்கோவையைக் கூடித் தொகுக்கட்டும்; எத்தனை விருந்தினரை ஏற்பது என்பதை ஊரவை முடிவு செய்யட்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா.

இறுதியாக நம்மை நோக்குவோம். பெரட்டு, லயம், கிராணி என நம் தோட்டங்களில் வழங்கிய சொற்கள் இலங்கை மலையகத்திலும் வழங்கியவை. கடல்கடந்த அவ்வுறவு நமக்கும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் சென்றபோது, அச்சொற்களை முழுமையாகத் தொகுக்க நாம் முந்தவில்லை. நூலகத்தில் அமர்ந்து பழஞ்சொல் ஆய்ந்த நாம், பால்மரக் காட்டில் நின்றவரிடம் போதிய அளவு கேட்கவில்லை. அக்குறை மொழியியலாராகிய நம்மையே முதலில் சாரும்.

கேட்பதற்கு உரியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்லைக் கேட்டு எழுதிவைத்தால், நாளை நம் ஊர்களுக்கு வரும் விருந்தினருக்குக் காட்ட வெறும் கட்டடங்கள் மட்டுமன்றி, உயிருள்ள மொழியும் இருக்கும். பட்டை இன்னும் முற்றும் காயவில்லை. தழைக்கச் செய்வது நம் கையில் உள்ளது.