த்ஸூக்கரும் சர்க்கரையும்

பெலரூசிய மொழியில் சர்க்கரைக்குத் 'த்ஸூக்கர்' என்று பெயர். அது அம்மொழிக்குக் கடனாக வந்த சொல். பருக்கைக் கல்லைக் குறித்த 'சர்க்கரா' என்னும் வடசொல், கரும்பின் இனிப்பு மணிகளுக்கும் பெயராயிற்று. அதுவே பாரசீகத்தில் 'ஷகர்' என்றும் அரபியில் 'சுக்கர்' என்றும் திரிந்து, இத்தாலிய, ஜெர்மானிய மொழிகளைக் கடந்து, போலிஷ் வழியாகப் பெலரூசியத்தை அடைந்தது.

வடமொழியில் அது பெண்பாற்சொல். பெலரூசியத்திலோ மெய்யெழுத்தில் முடிவதால் ஆண்பாலாயிற்று. 'சர்க்கரையின்' என்று சொல்ல வேண்டுமாயின், ஈற்றயல் உயிர் கெட்டு, 'த்ஸூக்ரு' என்றாகும். இத்தகைய ஆண்பாற் பொருட்பெயர்களுக்கு அம்மொழி பெரும்பாலும் வழங்கும் 'உ' விகுதியை விருந்தாக வந்த சொல்லும் ஏற்றுக்கொண்டது.

அதே வடசொல் தமிழில் ஆகார ஈறு ஐகாரமாகிச் 'சர்க்கரை' என்று அமைந்தது. பெண்பால் நீங்கி அஃறிணையாயிற்று. 'சர்க்கரையை', 'சர்க்கரையால்' என நம் உருபுகளை ஏற்றது.

பிற மாநிலங்களில் வாழும் நாம், நம் குழந்தைகளின் பேச்சில் அயற்சொற்கள் கலப்பதைக் கண்டு கவலையுறுகிறோம். சொற்கள் வருவதால் மட்டும் மொழி அழிவதில்லை. வந்த சொல்லுக்கு நம் உருபைச் சேர்த்துப் பேசும் வரையில் வீடு நம்முடையதே. உருபுகளும் வினைமுற்றுகளும் நாவிலிருந்து நழுவும்போதுதான் நாம் விழித்துக்கொள்ளல் வேண்டும். ஆதலின், இல்லத்திலேனும் குழந்தைகளுடன் முழு வாக்கியங்களாகத் தமிழ் பேசுவோமாக.